டுப்ரோவெல் குடும்பம்

"ஒரே பேர்தானே. புருஷன் வாங்கினா என்ன, பொண்டாட்டி வாங்கினா என்ன?" என்று தபால்காரி பார்சலை எஃபீம் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

பார்சல் ஸ்டெஃபாவுக்கு வந்தது. ஒடெஸா நகரத்து மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் அவள் புதிதாகச் சேர்ந்திருந்தாள். எஃபீம் அங்கே வெகுகாலமாக லென்ஸ் தேய்ப்பவன்; நாற்பது தாண்டியும் கல்யாணமாகாதவன். இருவருக்கும் குடும்பப் பெயர் டுப்ரோவெல். ஊரில் வேறு யாருக்கும் அந்தப் பெயர் கிடையாது.

ஸ்டெஃபாவின் முகம் சிவந்துவிட்டது. அவள் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, எஃபீம் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "நாங்க தூரத்துச் சொந்தம்."

சும்மா சொன்ன பொய்தான். ஆனால் சில வாரங்களிலேயே அந்த வாய்க்குச் சூடு போடலாம் போலிருந்தது அவனுக்கு. அவள் சிரிப்பில் அவன் விழுந்துவிட்டிருந்தான்.

சொந்தமில்லை என்று நிரூபித்தாக வேண்டும். கடைக்கு வந்த சரித்திரப் பேராசிரியர் ஹொர்டியென்கோவிடம், அவளை வைத்துக்கொண்டே அந்தப் பெயரைப் பற்றிக் கேட்டான்.

"ஓக் மரத்தோப்புன்னு அர்த்தம். சுத்தமான ஸ்லாவியப் பேரு. ரொம்ப அபூர்வம்ப்பா. இந்தப் பேருள்ளவங்க எல்லாம் ஒரே வீட்டு வாரிசாத்தான் இருக்கணும்."

"நான் யூதன் சார். இவங்க சர்ச்சுக்குப் போறவங்க" என்றான் எஃபீம் நம்பிக்கையோடு.

பேராசிரியர் விழித்தார். இதுதான் சமயம் என்று, யூதக் கோயிலில் பாடும் பெரெட்ஸை மறுநாளே அழைத்துவந்தான்.

"கடைசில வர்ற 'எல்' நம்ம யூதப் பேச்சு. அந்தப் பேராசிரியருக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் பெரெட்ஸ். "ரெண்டு பக்கமும் இருக்குன்னா, அண்ணன் தம்பில ஒருத்தன் ஞானஸ்நானம் வாங்கியிருப்பான். ரத்தம் ஒண்ணுதானே."

அநாதை விடுதியில் வளர்ந்த ஸ்டெஃபாவின் கண் கலங்கியது.

"எனக்குன்னு யாருமே இல்லன்னு நினைச்சிட்டிருந்தேன், அண்ணா" என்றாள்.

இருந்தாலும் ஒருநாள் எஃபீம் மனதைச் சொல்லிவிடத் துணிந்து, புது டை கட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். அன்றைக்கென்று பார்த்து ஸ்டெஃபா, ரொட்டிக்கடை ஓஸ்டாப்பை அழைத்துவந்து நிறுத்தினாள்.

"அண்ணா, நீங்கதான் பேசி முடிக்கணும்."

பேசினான். முடித்தான்.

கல்யாணத்தில் பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுத்தவனும் அவனே. கொடுத்தபின் தன் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான். இஸ்ரேலின் ஹைஃபாவிலிருந்து ஊர் பார்க்க வந்திருந்த அவன் அத்தை ஃபீரா, பக்கத்தில் உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருந்தாள்.

"பொண்ணு லட்சணமா இருக்காளே. நீ ஏண்டா விட்டே?"

"அவளும் டுப்ரோவெல், அத்தை. நம்ம குடும்பம்."

அத்தை ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தாள்.

"எந்தக் குடும்பம்டா? நம்ம பேரு ஷாப்பிரோ. பட்டாளத்துக்குப் பயந்து ஓடிவந்த உங்க தாத்தா, போலீஸ்காரன் பேர் கேட்டப்போ, எதிர்ல இருந்த பல் டாக்டர் போர்டுல இருந்த பேரைப் படிச்சுச் சொல்லிட்டாரு."