பம்பாய் விமானமும் வெள்ளிக்கிழமை ராகு காலமும்

திருவள்ளூர்,
8-3-1968, வெள்ளி மாலை.

சிரஞ்சீவி மாப்பிள்ளை ஸம்பத்குமாருக்கு, மாமனார் ராமபத்ரன் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. பெருமாள் கிருபையால் இங்கே எல்லோரும் சௌக்கியம், என்னைத் தவிர.

விமானத்தில் நான் வராததைக் கண்டு பதறியிருப்பீர்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை; மானம்தான் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அரவிந்தவல்லியின் சீமந்தத்துக்கென்று நீங்கள் ஆசையாக அனுப்பிய டிக்கெட்டில், பன்னிரண்டே காலுக்குப் புறப்பாடு என்று போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு வரை ராகு காலம். தெருவுக்கே நாள் பார்த்துச் சொல்கிறவன், பெண்ணின் சுபகாரியத்துக்குப் போகையில் ராகு காலத்திலா உள்ளே காலெடுத்து வைப்பேன்? பதினொன்றுக்கே மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தவன் வெளியே மர நிழலில் உட்கார்ந்திருந்து, பன்னிரண்டு தாண்டியதும் கம்பீரமாக நுழைந்தேன். கதவைச் சாத்திவிட்டார்கள். "அடுத்த ஸ்டேஷனில் பிடிக்கலாமா?" என்று கேட்டேன், இதை மட்டும் அரவிந்தவல்லியிடம் சொல்லாதீர்கள். கவுண்டரில் இருந்தவர் சிரிக்காமல், "நடுவுல ஸ்டேஷனே கெடையாது ஸார், ரெண்டு மணி நேரத்துக்குள்ள பம்பாய்ல எறங்கிடும்" என்றார்.

அப்போதுதான் ஊரில் எப்படித் தலைகாட்டுவது என்று தோன்றியது. ஏனென்றால், ரயிலுக்கு எண்ணூறு மைல், ஆகாயத்தில் குறுக்கே அறுநூற்றுச் சொச்சம், ஏறி நிதானிக்கவே மூன்று மணி நேரமாகும், ஆகவே மூன்றரை மணி வாக்கில் நம் தெருவுக்கு மேலே போவேன், ஜன்னலில் துண்டை ஆட்டுகிறேன், எல்லோரும் மாடியில் நில்லுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். நிதானிக்க நான் கொடுத்த நேரத்தில் அது பம்பாய் போய்ப் பாதி வழி திரும்பியே வந்துவிடுமாம்!

லோக்கல் ரயிலில் திரும்பி, பையும் கையுமாகத் தெருவில் நுழைகிறேன், மாடியெல்லாம் ஜனம். அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரு விமானம். "அதோ சாமி போறாரு! துண்டு தெர்து பாரு!" என்று கத்தினான் பக்கத்து வீட்டுக் குப்புராஜ். உங்கள் மாமியார் கமலவல்லி அழுதுகொண்டே இரண்டு கையையும் ஆட்டுகிறாள். நான் கீழே நிற்கிறேன். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

முனையில் மளிகைக்கடை சிராஜ், "இன்னா சாமி, மேல கீறீங்கன்னாங்க, கீழ நின்னுக்கினு கீறீங்க?" என்று என்னை உள்ளே இழுத்து மிளகாய் மூட்டைக்குப் பின்னால் உட்காரவைத்தார். உடனே கமலவல்லி கற்கண்டு வாங்க வந்துவிட்டாள். "எங்காத்துக்காரர் துண்டை ஆட்டினார் சிராஜ், என் கண்ணாலேயே பார்த்தேன்!" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னாள். எனக்கு ஒரு தும்மல் வந்து தொலைத்தது. சிராஜ் தானும் நாலு தும்மல் போட்டுச் சமாளித்தார். அந்த மூட்டைக்குப் பின்னாலிருந்தேதான் இதை எழுதுகிறேன்.

இனி எந்த முகத்தோடு உங்கள் வாசலில் வந்து நிற்பேன்? ஒரு வாரம் பொன்னேரியில் ஒன்றுவிட்ட தம்பி வீட்டில் போய்க் கிடக்கிறேன். நான் விமானத்தில் வந்து சீமந்தம் பார்த்துப் பூரித்ததாக உங்கள் மாமியாருக்கு எழுதிவிடுங்கள். குழந்தை அரவிந்தவல்லியிடம் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லுங்கள். தாயும் சேயும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ராமபத்ரன்.

பி.கு: மேலே எழுதிய ஏற்பாடெல்லாம் ரத்து. இப்போதுதான் சிராஜ் ஒரு தூக்கைக் கொண்டுவந்து வைத்தார். "அம்மா குட்த்தாங்க சாமி. ஒண்ணும் கேக்கல. ரயிலுக்கு ரெண்டு நாளைக்குப் புளியோதரையாம், தும்மலுக்குச் சுக்குப் பொடியாம்." தெருவில் கமலவல்லி இன்னும் துண்டு ஆட்டின கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். இன்றிரவு அரக்கோணத்தில் மெயில் ஏறுகிறேன். ஞாயிறு விடியற்காலை வந்துவிடுவேன். இந்தக் கடிதத்தையும் நானேதான் கொண்டுவருகிறேன். நீங்கள் படிக்கும்போது எதிரிலேயே நிற்பேன். தயவுசெய்து மனசுக்குள்ளேயே படித்துக்கொள்ளவும்.