மாப்பிள்ளையின் மூக்கும் இரண்டு கறுப்பு பெல்ட்டுகளும்

வேண்டுமென்றே தோற்பது லேசான காரியமில்லை. ஜெயிப்பதற்காவது எதிராளி ஒரு தப்பு செய்தால் போதும். தோற்பதற்கு எல்லாத் தப்பையும் நாமே செய்தாக வேண்டும். அதையும் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வராமல் செய்ய வேண்டும். எட்டு வருஷம் கராத்தே பழகியும் இந்த ஒரு பாடத்தை மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் என் தங்கையின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

எழுபதுகளின் பின்பாதி அது. எனக்கு முப்பத்தேழு வயது. கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றில் ஃபிட்டர் சூப்பர்வைசராக இருந்தேன். வாரமெல்லாம் அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் திருவள்ளூர் வீட்டுக்கு வருவேன். ஞாயிறு விடிந்ததும் ரயிலேறி, பெரம்பூரில் ஒரு மொட்டை மாடியில் நடந்த கராத்தே வகுப்புக்குப் போய்விடுவேன். ('வாரத்துல ஒரு நாள்தான் ஊட்டுக்கு வராரு, அன்னிக்கும் யாரையாவது ஒதைக்கப் போயிடுறாரு' என்று என் மனைவி கமலா பக்கத்து வீட்டில் சொல்வது வாசல்வரை கேட்கும்.)

திருவள்ளூரிலேயே கறுப்பு பெல்ட் வாங்கியவன் நான் ஒருவன்தான் என்று நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுத்துப் பேச அங்கே வேறு யாருக்கும் கராத்தே தெரியாது. கட்டில் விரிப்புத் துணியில் டெய்லர் தைத்துக் கொடுத்த வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு நான் மாடியில் காலை வீசினால், தெருவே நிமிர்ந்து பார்ப்பதாக நினைப்பு. பார்த்தது உண்மைதான். டெய்லர் காற்சட்டையை என் கெண்டைக்காலோடு முடித்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் தங்கை சுசீலாவுக்கு வரன் வந்தது. பையன் பெயர் நடராஜன். எங்கள் தொழிற்சாலையிலேயே எலெக்ட்ரீஷியன். அமைதியான ஆள். மாலையில் தொழிலாளர்கள் ஆடும் வாலிபாலுக்கு விசில் ஊதி நடுவராக இருப்பான். யார் சண்டைக்கு வந்தாலும் சிரித்துக்கொண்டே பாயின்டை எதிர் அணிக்குக் கொடுப்பான். அவனை எனக்குப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்றே சுசீலாவுக்கும் பிடித்துவிட்டது. இனி நாங்கள் எளாவூருக்குப் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து, அங்கே சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். பெரியவர்கள் தட்டை மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது.

கிளம்பும்போது சுசீலா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அங்க போய் கராத்தே பேச்சே எடுக்காத. உன் டிரஸ்ஸையும் எடுத்துக்கினு போகாத."

எடுத்துப் போகவில்லை என்று தலையாட்டினேன். அது ஏற்கெனவே வேனில், ஆப்பிள் கூடைக்கு அடியில் இருந்தது. (எதற்கு எடுத்துப் போனேன் என்று இன்றுவரை கமலா கேட்கிறாள். யாராவது கேட்டால் காட்டலாமே என்றுதான். யார் கேட்பார்கள் என்று அவள் அப்போதே கேட்டிருக்கலாம்.)

அப்பா, அம்மா, கமலா, நான், இன்னும் சில சொந்தக்காரர்கள் என்று வாடகை வேனில் ஊத்துக்கோட்டை வழியாக எளாவூர் போய்ச் சேர்ந்தோம். நடராஜன் வீடு செக்போஸ்டுக்கு அருகில், நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. வாசலில் பேசினால் லாரி ஹாரனுக்கு நடுவே பாதி வார்த்தைதான் காதில் விழும். வீட்டுக்குப் பின்னால் பெரிய மணல் காலியிடம். அங்கே அவனுடைய தாய்மாமன் துரைக்கண்ணு லாரி டயர்களுக்குப் பட்டை போடும் கடை வைத்திருந்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் துரைக்கண்ணுதான் எனக்குச் சாம்பார் ஊற்றினார். நாற்பத்தெட்டு, ஐம்பது வயது இருக்கும். குள்ளம், அகலம். கரண்டியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். விரல் முட்டிகள் தட்டையாகி, தோல் காய்ப்புக் காய்த்திருந்தது. கயிறு சுற்றிய பலகையில் வருஷக்கணக்காகக் குத்திய கைக்குத்தான் அப்படி இருக்கும். நிமிர்ந்தால், அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பார் இலையைத் தாண்டி என் வேட்டிக்கு வந்தது. இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது முழுக் கதையும் வந்தது. அவர் ரங்கூனில் பிறந்து வளர்ந்தவர். சிறு வயதில் அந்த ஊர்க் குத்துச்சண்டை பழகியவர். அறுபதுகளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்து, மெட்ராஸ் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது கராத்தேயைப் பிடித்துக்கொண்டார். அவரும் கறுப்பு பெல்ட். என்னைவிட மூன்று வருஷம் முந்தி வாங்கியவர். நான் முகத்தைச் சந்தோஷமாக வைத்துக்கொண்டேன்.

அவ்வளவுதான், நடராஜனின் பங்காளிகள் பிடித்துக்கொண்டார்கள். ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் போட்டுக் காட்டியே ஆக வேண்டுமாம். அப்பா வேண்டாம் என்றார். நான் சும்மா நட்புக்காக ஆடுவதுதான், அடி உடம்பில் படாது, ஓர் அங்குலம் முன்னாலேயே நிறுத்திவிடுவோம் என்று விளக்கினேன். விளக்கிக்கொண்டே ஆப்பிள் கூடையை நோக்கி நடந்தேன்.

உடுப்பை மாற்றிக்கொண்டு வரும்போது அம்மா கிணற்றடியில் வழிமறித்தாள்.

"ராகவா, நாம பொண்ணு ஊட்டுக்காரங்க. அந்தாள அடிச்சு ஜெயிச்சுத் தொலைக்காத. ரெண்டு அடி வாங்கிக்கினு கம்முனு உழுந்துடு."

அம்மா சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. தங்கை வாழப்போகிற வீடு. தாய்மாமன் மண்ணைக் கவ்வினால் அவளுக்குத்தான் பேச்சு. அதுவும் நான் ஜெயிப்பேன் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அதனால் விட்டுக்கொடுப்பது பெருந்தன்மையாகத் தோன்றியது.

டயர்களை வட்டமாக அடுக்கிக் களம் ஆக்கியிருந்தார்கள். துரைக்கண்ணு காக்கி அரை நிஜாரோடு வந்தார். நடுவர் வேண்டுமே? இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆள் மாப்பிள்ளை ஒருவன்தான் என்று நடராஜன் கையில் விசிலைக் கொடுத்து நடுவில் நிறுத்தினார்கள். பட்டு வேட்டியோடு நின்றான் பாவம். மூன்று பாயின்ட் எடுப்பவருக்கு ஜெயம். வணக்கம் சொல்லிக்கொண்டு தொடங்கினோம்.

நான் மார்பைத் திறந்துவிட்டு நின்றேன். ஒரு குத்து வந்தால் போதும், விழுந்துவிடலாம். வரவில்லை. அவர் தன் வயிற்றைத் திறந்துவிட்டு நின்றார். சரி, பழைய காலத்து ஆள், தற்காப்பு மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சுற்றிச் சுற்றி வந்தோம். கடைசியில் அவர் ஒரு குத்து விட்டார். என் மார்புக்கு ஒரு முழம் முன்னாலேயே அது நின்றுவிட்டது. எனக்குப் பொறுமையில்லை. அந்தக் காற்றுக்கே "ஆ" என்று மணலில் சாய்ந்தேன்.

சாய்ந்தபடி பக்கத்தில் பார்த்தால், அவரும் கிடக்கிறார்.

நடராஜன் விசிலை வாயில் வைத்தான், எடுத்தான். பாயின்டை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் கொடுத்தான். எழுந்து மறுபடி ஆரம்பித்தோம். நான் மெதுவாகக் காலைத் தூக்கினேன், அவர் அந்தக் காலைத் தேடி வந்து தோளைக் கொடுத்துவிட்டு உருண்டார். நான் விடுவேனா? அவர் உருண்டதில் தடுக்கியதுபோல் நானும் உருண்டேன். செக்போஸ்டில் லாரியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்த ஒரு டிரைவர் சத்தமாகச் சொன்னார்:

"இன்னாய்யா இது, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி உழுந்துக்கினே கீறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கமலாவும் சிரித்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்து கைகளைக் கோத்துப் பிடித்தபோது துரைக்கண்ணு என் காதருகே வந்தார்.

"நைனா, உன்ன யாரு தோக்கச் சொன்னது?"

"எங்கம்மா. உங்கள?"

"எம் பொஞ்சாதி. பொண்ணோட அண்ணன அடிச்சிட்டா சம்பந்தம் போயிடும்னு ஒரே பேஜாரு பண்றா."

பிடித்த கையை விடாமல் இருவரும் சிரித்துவிட்டோம். பார்த்தவர்களுக்கு அது கடுமையான மல்லுக்கட்டு மாதிரி தெரிந்திருக்கும்.

"ஒரே ஒரு ரவுண்டு, ஒழுங்கா?" என்றார்.

நான் தலையசைத்தேன். இதுதான் நான் அன்று செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது.

ஒழுங்காக ஆடியபோதுதான் அவர் யார் என்று தெரிந்தது. சின்னப் பையன்கள் மாதிரி துள்ளவில்லை, கத்தவில்லை. நான் ஏமாற்றுவதற்காகத் தோளை அசைத்தால் கண்கூட அசையவில்லை. உண்மையாக அடிக்கப்போகும்போது மட்டும் பாதி அடி நகர்ந்தார். என் உதை அவர் இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அவர் இல்லை. நானும் சளைக்கவில்லை. அவர் இடது காலை ஊன்றும் விதத்தை வைத்து அடுத்த குத்தை இரண்டு முறை கண்டுபிடித்துத் தட்டிவிட்டேன். அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்ததைப் பார்த்தேன். பெரம்பூர் மொட்டை மாடியில் எத்தனையோ ஆட்டம் ஆடியிருக்கிறேன். அப்படி ஒன்று அதற்கு முன்னும் பின்னும் இல்லை. சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. அந்த டிரைவர் வாயிலிருந்த பீடி அணைந்தே போயிருந்தது.

அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுழன்று காலை வீசினோம். எங்களில் ஒருவர் டயரைத் தாண்டிவிட்டதாக நடராஜனுக்குத் தோன்றியிருக்கிறது. வாலிபால் பழக்கம். விசிலை ஊதிக்கொண்டே நடுவில் புகுந்தான்.

விசில் பாதியில் நின்றது. புழுதி அடங்கியபோது மாப்பிள்ளை மணலில் உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். விரல் இடுக்கில் ரத்தம். வெள்ளைப் பட்டு வேட்டியில் ரத்தம்.

"என் கால்தான்" என்றேன் நான். "இல்ல, என்னுது" என்றார் துரைக்கண்ணு. பழியை எங்கள் மேல் போட்டுக்கொண்டால் சம்பந்தம் பிழைக்கும் என்று இருவருமே நினைத்தோம். ஆனால் அது, வந்திருந்தவர்களுக்கு மாப்பிள்ளையை இரண்டு பேரும் சேர்ந்து உதைத்ததாகத்தான் புரிந்தது. நடராஜனின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். துரைக்கண்ணுவின் மனைவி துடைப்பத்தோடு கணவரைத் தேடி வந்தார். என் அம்மா நேராகப் போய் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கும்மிடிப்பூண்டி டாக்டர் மூக்கில் பஞ்சு அடைத்து, குறுக்கே பிளாஸ்திரி போட்டு அனுப்பினார். தட்டு மாற்றவில்லை. நடராஜனின் அப்பா மிகவும் மரியாதையாக, யோசித்துச் சொல்லி அனுப்புகிறோம் என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்ற எல்லா வீட்டுக்கும் தெரியும்.

திரும்பும்போது வேனில் கராத்தே உடுப்பைக்கூட மாற்றாமல் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஊத்துக்கோட்டையில் டீக்கு நிறுத்தியபோது எல்லோருக்கும் டீ வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை. கமலாதான் தன் டம்ளரில் பாதியை நீட்டினாள்.

வீட்டில் சுசீலா வாசலிலேயே நின்றிருந்தாள். என் உடுப்பைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியை நானே சொன்னேன். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன்.

"ரொம்ப வலிச்சுதா அவருக்கு?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். உள்ளே போய்விட்டாள். எவ்வளவோ பேரிடம் எவ்வளவோ அடி வாங்கியிருக்கிறேன். எதுவும் அந்தக் கேள்வி மாதிரி வலித்ததில்லை. உடுப்பை மடித்துப் பரண்மேல் போட்டேன். தொழிற்சாலையிலும் நடராஜன் விடுப்பில் இருந்தான். அவன் சீட்டைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போய் வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் எதிர்பாராமல், நடராஜனே தன் அப்பாவோடு திருவள்ளூருக்கு வந்து இறங்கினான். பிளாஸ்திரி இன்னும் இருந்தது. எங்கள் அப்பாவிடம் தேதி பார்க்கச் சொன்னான். மூக்கடைப்போடு பேசியதால் முகூர்த்தம் என்பது எங்கள் காதில் 'புகூர்த்தம்' என்று விழுந்து, கமலா புரைக்கேறும்வரை சிரித்தாள். நடராஜனின் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கல்யாணத்தில் நானும் துரைக்கண்ணுவும் ஒரே வரிசையில் உட்காரக் கூடாது.

உட்காரவில்லை. முகூர்த்த நேரத்தில் மண்டபத்தின் அந்தக் கோடியில் அவரும் இந்தக் கோடியில் நானும் இருந்தோம். அவர் மனைவி அவர் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். தூரத்திலிருந்து ஒருவருக்கொருவர் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டோம். அதற்கே நான்கைந்து பேர் எழுந்து நின்றார்கள்.

வருஷங்கள் ஓடின. கல்யாணம் கெட்டிப்பட்ட பிறகு பழியின் நிறம் மாறிவிட்டது. காதுகுத்து, மொட்டை, கிரகப்பிரவேசம் எதுவானாலும் நானும் துரைக்கண்ணு அண்ணனும் ஒரு மூலையில் உட்கார்ந்து, அது யார் கால் என்று வாதாடுவோம். முன்பு பழிக்காகச் சொன்னதை இப்போது பெருமைக்காகச் சொன்னோம். அவ்வளவு வேகமான உதை தன்னுடையதாகத்தான் இருக்க முடியும் என்று அவர் சொல்வார். அவ்வளவு உயரம் அவர் கால் எழும்பாது என்று நான் சொல்வேன்.

நடராஜன் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அன்று வீட்டில் விருந்து. வழக்கம்போல் எங்கள் வாதம் சூடுபிடித்தது. பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நடராஜன், டம்ளரைக் கீழே வைத்தான்.

"மச்சான், ரெண்டு பேரும் சரியாத்தான் நிறுத்தினீங்க. ஒருத்தர் காலும் என்மேல படல. ரெண்டு காலு ஒண்ணா வரதப் பாத்து பயந்து, முழங்காலத் தூக்கிக்கினு குனிஞ்சேன். என் மூக்கு என் முட்டியிலயே இடிச்சிடுச்சி. அன்னிக்கே எப்படிச் சொல்றது? பொண்ணு ஊட்டுக்காரங்க பயந்தாங்கொள்ளின்னு வேணாம்னுட்டா?"

துரைக்கண்ணு அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அத்தனை வருஷப் பெருமை இரண்டு பேருக்கும் ஒரே நொடியில் போனது. சுசீலாதான் முதலில் சிரித்தாள். இன்றுவரை எந்த விசேஷத்திலும், புதிதாக வந்த மருமகள் மருமகனைப் பிடித்து உட்கார வைத்து, எங்கள் இருவரையும் கை காட்டி, அவள் இப்படித்தான் அறிமுகம் செய்கிறாள்:

"எங்க ஊட்ல கராத்தே கத்துக்கினவங்க இவங்க ரெண்டு பேரு. அடிச்சவரு எங்க ஊட்டுக்காரரு."