பிரிஜ் பாஸை மாப்பிள்ளை கேட்டு வந்த கதை

கல்முனையில் பாதிப்பேர் குடிக்கும் தண்ணீரைக் குளிர வைத்தவர் ஒரே ஓர் ஆள்தான். அந்த ஊரிலேயே ஆகச் சூடான ஆளும் அவர்தான். அவரைப் பிரிஜ் பாஸ் என்றே எல்லோரும் கூப்பிட்டோம். மிஷின் திருத்துகிறவர் யாராக இருந்தாலும் எங்கள் பக்கத்தில் பாஸ்தான். சொந்தப் பெயர் என்னவென்று கேட்கும் துணிவு ஒருவருக்கும் வரவில்லை.

அவருடைய கடைக்கும் என்னுடைய போட்டோகொப்பிக் கடைக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர். பதினொரு வருடம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து அவருடைய ஏச்சைக் கேட்டுக்கொண்டே தொழில் செய்தேன். ஐம்பதைத் தொட்ட தனிக்கட்டை. கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதற்குள் ஒரு கட்டில், ஒரு கோப்பை. சத்தம் என்றால் அவருக்கு ஆகாது. என் மிஷின் ஒரு நாள் கொஞ்சம் கூடுதலாக முனகியபோது, கூப்பிடாமலே வந்து, திறந்து, எண்ணெய் விட்டு, என்னை ஏசிவிட்டுப் போனார். கடை வாசலில் ஒரு காட்போட் மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்: ‘தேவை இருந்தால் மட்டும் கதைக்கவும்.’ அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ‘தேவை இருக்காது.’

ஒருமுறை அட்டாளைச்சேனையிலிருந்து ஒருவர் சின்ன லொறியில் பிரிஜ் ஏற்றிக்கொண்டு வந்தார். பாஸ் கதவைத் திறந்தார், மோந்து பார்த்தார், மூடினார்.

“சூட்டோட இறைச்சிக் கறிய உள்ள வெச்சீங்களா?”

“ஓம் பாஸ், ஒரு நாள்தான்...”

“ஏத்திக் கொண்டு போங்க. மனிசன் விட்ட பிழைக்கி மிஷினத் திருத்த ஏலா.”

வந்தவர் கெஞ்சினார். பாஸ் மட்டையைக் காட்டினார். இனிமேல் கறி ஆறும்வரை பொறுத்திருப்பேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் ஸ்குரூட்ரைவரைக் கையில் எடுத்தார். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவர் திருத்திய மிஷின் இரண்டாம் தரம் பழுதாகி வந்ததை நான் கண்டதே இல்லை. அவருக்கு இருந்த ஒரே பெருமை அது.

கலியாண வீடுகளில் அவர் படுத்திய பாடு வேறு. எங்கள் கலியாணங்களில் சஹன் சாப்பாடு. பெரிய தட்டு ஒன்றில் சோற்றையும் இறைச்சியையும் குவித்து, சுற்றி ஆறு பேர் இருந்து ஒரே தட்டில் கை போட வேண்டும். பாஸ் இருக்கமாட்டார். “ஆறு பேர்ட விரல் ஓடுற சோத்த எப்பிடித் திங்கிற?” என்று மாப்பிள்ளையின் வாப்பாவிடமே கேட்டுவிட்டு, பார்சலுக்காக வாசலில் நிற்பார்.

இப்படிப்பட்ட மனிதரை ஐஸ் பக்கட் ராத்தா வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவன் நான்தான். ராத்தா என்று ஊரே அக்கா முறையில் கூப்பிட்ட அவருடைய கணவர் மௌத்தாகி ஐந்து வருடம். வீட்டிலேயே சர்பத்தைச் சின்னப் பைகளில் ஊற்றி உறைய வைத்து, ஐஸ் பக்கட் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்று, நாலு பிள்ளைகளை வளர்த்து வந்தார். மூத்தவள் ஷிபானாவுக்குப் பதினைந்து வயது, கடைக்குட்டிக்கு ஐந்தரை. பழைய பிரீசர் ஒன்றுதான் அந்த வீட்டின் சோறு. அது ‘கடகட’ என்று ஆடத் தொடங்கியிருந்தது.

பாஸ் பிரீசரைப் பார்ப்பதற்கு முன் பிள்ளைகளைப் பார்த்தார்.

“இது பிரீசரா, பஸ் ஸ்டாண்டா? ஒரு நாளைக்கி எத்தின தரம் திறக்கிற?”

ராத்தா கையைத் துடைத்தபடி குசினியிலிருந்து வந்தார். “திறக்கத்தான் பாஸ் அதுக்குக் கதவு வெச்சிரிக்கி. நீங்க ஒங்கட வாய மூடிட்டு வேலயப் பாருங்க. தேத்தண்ணி ஊத்துறன்.”

பாஸ் வாயை மூடினார். பதினொரு வருடத்தில் நான் அதை அன்றுதான் கண்டேன். கடைக்குட்டி, ஸ்குரூட்ரைவர்களும் குறடுகளும் கிடக்கும் அவருடைய ஆயுதப் பெட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“நீங்க ஏன் கோவமா இரிக்கீங்க?”

“கோவமா இல்ல. என்ட மூஞ்சே இப்பிடித்தான்.”

“அதத் திருத்த ஏலாதா?”

பாஸ் பிரீசருக்குப் பின்னால் குனிந்தார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சத்தத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

அடுத்த வியாழக்கிழமை பிரீசர் மறுபடி கடகடத்தது. ஐஸ் பக்கட்டுகள் கல்லுப்போல இறுகித்தான் இருந்தன, ராத்தாவின் வியாபாரத்துக்கு ஒரு குறையும் இல்லை, சத்தம் மட்டும்தான். பாஸ் போய் நிறுத்தினார். அதற்கடுத்த வியாழனும் கடகட. இப்படியே எட்டு வியாழன். பாஸுக்குக் கை விட்டுப் போய்விட்டது என்று ஊர் கதைக்கத் தொடங்கியது. பாண்டிருப்பிலிருந்து எப்போதும் அவரிடம் வருகிறவர்கூட வாசல்வரை வந்து யோசித்தார். பாஸ் ஒருவரையும் திருப்பி ஏசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“ஏன் பாஸ், அந்த ஒரு மிஷின் மட்டும் ஒங்களுக்கு அடங்குதில்ல?” என்று கேட்டேன்.

கையிலிருந்த ஸ்குரூட்ரைவரைத் துடைத்து வைத்தார். பிறகு, “அந்த ஊட்டுத் தேத்தண்ணி நல்லம் தம்பி” என்றார்.

எனக்கு விளங்கியது. “அப்ப நான் போய்க் கேக்கவா?”

“மாப்பிள்ளப் பக்கம் போய்ப் பொம்புள கேக்கிற ஊரா இது?”

அது உண்மைதான். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வரவேண்டும். கலியாணம் முடித்த பிறகு மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிபோவான். ஆண் தானாகப் போய், உங்கள் வீட்டுக்கு நான் வரட்டுமா என்று கேட்க முடியாது.

“என்னக் கேட்டு யார் தம்பி வரப்போறாங்க?” என்றார் பாஸ். அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் இல்லாத பாஸை எனக்குத் தாங்க முடியவில்லை. அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம், ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். விசயம் ராத்தா வீட்டுக்குப் போய்ச் சேர அது போதுமாக இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணி. பாஸ் ஒரு பிரிஜ்ஜின் அடியில் கிடந்தார். நாலு பிள்ளைகளும் பெருநாள் உடுப்பில், உயர வரிசையில் வந்து நின்றார்கள். ஷிபானாவின் கையில் துணி மூடிய தட்டு. அதில் தொதல் இனிப்பும் ஒரு சீப்பு வாழைப்பழமும். அவளுக்கு அடுத்த தம்பி ஒரு போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அதில் கட்டாரிலிருந்து அவர்களுடைய மாமா, தலையில் வேலைத்தொப்பியோடு தெரிந்தார்.

“என்ன மகள், மறுகா கடகடயா?” என்றார் பாஸ், அடியில் இருந்தபடி.

“இல்ல. மாப்பிள்ள கேட்டு வந்திரிக்கம்.”

பிரிஜ்ஜில் தலை மோதிய சத்தம் எனக்குக் கேட்டது.

“அஸ்ஸலாமு அலைக்கும் பாஸ்” என்றார் போனில் மாமா. “ஊட்டில பெரியாள் எண்டு நான் ஒருத்தன்தான். நானும் இஞ்ச கிடக்கன். அதுதான் புள்ளைகள அனுப்பின. தங்கச்சிக்கிச் சம்மதம். எனக்குப் பத்து நிமிசம்தான் பிரேக்.”

ஷிபானா பாடமாக்கி வந்ததை ஒப்பித்தாள். “சீதனமா வீடு இரிக்கி. நாங்க நாலு பேர் இரிக்கம். பிரீசர் ஒண்டும் இரிக்கி, ஆனா அது பழுது. அதையும் மறைக்காமச் சொல்லணும் எண்டு உம்மா சொன்ன.”

நான் என் மிஷினை நிறுத்திவிட்டுப் பலகைச் சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். கொப்பி எடுக்க வந்த மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். பாஸ் மட்டையைப் பார்த்தார். அவர் மட்டும் அதைக் கைகாட்டினால் இந்தப் பிள்ளைகள் இந்த வாசலை மறுபடி மிதிக்கமாட்டார்கள். ஷிபானா தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

பாஸ் சட்டைப் பையில் கைவிட்டு, ஒரு நட்டை எடுத்துத் தொதலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“பிரீசர் பழுதில்ல மகள். இது அதுட நட்டு. முதல் நாளே கழட்டி எடுத்துட்டன். ஒவ்வொரு தரமும் துணித்துண்டு ஒண்டச் செருகிட்டு வந்தன். அது ஒரு கிழமைதான் நிக்கும்.”

“அப்ப பொய்யா?”

“ஓம். பொய்தான்.”

ஷிபானா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “உம்மாக்குத் தெரியும். மூணாம் கிழமையே துணியக் கண்டுட்டா. நாங்களும் கண்ட. நீங்களாச் சொல்றீங்களா எண்டு பாத்துட்டு வரச்சொன்ன.”

“பாஸ், மேஸ்திரி கூப்பிடுறான்” என்றார் மாமா. “ஓமா, இல்லயா?”

“ஓம்” என்றார் பாஸ். பிறகு, போனில் கேட்டிருக்காதோ என்ற பயத்தில் இன்னும் இரண்டு தரம் சொன்னார்.

நிக்காஹ்வில் அவருடைய முழுப்பெயரை வாசித்தபோது, யார் அது என்று பலர் திரும்பிப் பார்த்தார்கள். பையும் ஆயுதப் பெட்டியும் மட்டையுமாக அவர் ராத்தா வீட்டுக்குக் குடிபோனார். கடையும் கொஞ்ச நாளில் அந்த வீட்டு வளவுக்கே போய்விட்டது. மட்டை இப்போது அங்கே ஹோலில் தொங்குகிறது. பயன் ஒன்றும் இல்லை, அந்த வீட்டில் ஆகக் கூடுதலாகக் கதைக்கும் கடைக்குட்டிக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அந்தப் பக்கம் போனேன். ஹோலில் பாய் விரித்து, நடுவில் சஹன். பாஸும் நாலு பிள்ளைகளும் ஒரே தட்டில் கை போட்டிருந்தார்கள். கடைக்குட்டி தன் பங்கு இறைச்சியைக் கடித்துப் பார்த்துவிட்டு மீதியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் அதை எடுத்துத் தின்றார்.

“நிண்டு பாக்காம இரி தம்பி. ஆறாவது ஆள் இல்லாம சஹன் அரைகுறையா இரிக்கி” என்றார். நான் இருந்தேன். என் விரலும் அந்தச் சோற்றில் ஓடியது. அவர் ஓர் இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளினார்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது செருப்புக் கடை. நல்ல மனிதர், ஏசவே தெரியாதவர். எனக்குத்தான் வேலை ஓடுவதில்லை. என் வீட்டுப் பிரிஜ்ஜில் ஒரு பிழையும் கிடையாது. ஆனாலும் போன வியாழக்கிழமை அதன் பின்பக்கம் குனிந்து, ஒரு நட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பாஸுக்குப் போன் எடுத்தேன்.