மே மாதத்துக்குச் சேர்த்த கரண்ட்

மே மாதம் முழுக்க ஏசியில் படுத்துக் கிடப்பது என்று போன ஜூனில் சபதம் எடுத்தேன். ராத்திரி பகல் பாராமல். போர்வை போர்த்திக்கொண்டு. சேலையூரில் என்னைத் தவிர எவனுக்கும் இந்த அறிவு கிடையாது.

மாடியில் சோலார் பேனல் போட்டேன். வாசலில் புது மீட்டர் வந்தது. நாம் செலவழித்தது போக மிஞ்சுகிற கரண்ட் வெளியே லைனுக்குப் போகும். அது நம் பேரில் வரவாகி, அப்புறம் நாம் வாங்குகிற கரண்டில் கழியும். சேர்க்க வேண்டுமென்றால் செலவழிக்கக் கூடாது. ஏசிக்குத் தடை போட்டேன். ரிமோட்டை ஆபீஸ் பையில் போட்டு தினமும் மின்சார ரயிலில் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தேன்.

"ஏங்க, வேகுதுங்க," என்றாள் என் மனைவி ஹேமாவதி.

"மே மாசம் குளிரும். பொறுத்துக்கோ."

"அதுவரைக்கும் நான் உயிரோட இருக்கணுமே?"

"விசிறிக்கோ. உடம்பு இளைக்கும்."

நான் மட்டும் சொகுசாகவா இருந்தேன்? மழை இல்லாத நாளெல்லாம் மொட்டை மாடியில், பேனலுக்குப் பக்கத்தில் பாய் போட்டேன். செம்பாக்கம் ஏரிக் கொசுவுக்கு என் அட்ரஸ் மனப்பாடம். படுத்தால், பக்கத்து வீட்டு ஜெபராஜின் ஏசி விடிய விடிய உறுமும். கணக்கு வாத்தியார். பேனல் போட வக்கில்லை, ஏசி கேட்கிறது! வெட்கங்கெட்ட ஜென்மம் என்று திட்டிக்கொண்டே தூங்குவேன். காலையில் பேனலைத் துடைத்துவிட்டு மீட்டரைப் பார்ப்பேன். அனுப்பிய யூனிட் ஏறிக்கொண்டே இருந்தது. பெற்ற பிள்ளை வளர்வதைப் பார்க்கிற சந்தோஷம் எனக்கு.

மார்ச் கடைசி ஞாயிறு, காய்கறிப் பையோடு திரும்பும்போது ஜெபராஜை வாசல் கேட்டில் பிடித்தேன்.

"சார், மே மாசம் நீங்க வேர்த்து வழியும்போது நான் போர்வைக்குள்ள இருப்பேன். எல்லாம் சேமிச்ச யூனிட்!"

"மே மாசமா? வருஷக் கணக்கை மார்ச்சோட முடிச்சிடுவாங்களே சார். மிச்ச யூனிட்டை அடுத்த வருஷத்துக்குத் தூக்கிட்டுப் போக முடியாதே."

"பொறாமையில பேசாதீங்க! ராத்திரி பூரா ஏசி ஓட்டுற ஆளு நீங்க."

"நானா? எங்க ஏசி ரிப்பேராகி எவ்ளோ நாளாச்சு! அதனாலதானே பியூலா உங்க வூட்ல..." வாத்தியார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

உள்ளே ஓடினேன். படுக்கையறைக் கதவைத் திறந்தால் ஊட்டி. ஹேமாவதியும் வாத்தியார் சம்சாரம் பியூலாவும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள்.

"ரிமோட் என் பையில இருக்கே!"

"போன்லயே போடலாங்க."

"அப்ப ராத்திரி கேட்ட உறுமல்?"

"நம்ம ஏசிதான். வெளி மிஷினை வாத்தியார் வூட்டுப் பக்கம்தானே மாட்டியிருக்கு."

"மீட்டர்ல யூனிட் ஏறிக்கிட்டே இருந்துதே!"

"அனுப்பினதை மட்டும் பாத்தீங்க. வாங்கினதும் அதே மீட்டர்லதான் ஏறுச்சு. அதைப் பாத்தீங்களா? கழிச்சா மிச்சம் ஒண்ணுமில்ல."

"அடிப்பாவி! என் மே மாசம்!"

"மார்ச்சோட முடியுற கணக்குன்னு பேனல் போட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும். நீங்க வாயை மூடினாத்தானே நான் சொல்ல? வீணாப் போறதுக்கு நாங்களாவது அனுபவிச்சோம்."

கொசுக்கடித் தழும்பைத் தடவிக்கொண்டு நின்றேன். பியூலா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"அண்ணா, கதவைச் சாத்திட்டுப் போங்க, குளிர் போகுது. அப்படியே மாடியில பேனலைத் துடைச்சிடுங்க, காக்கா அசிங்கம் பண்ணி வச்சிருக்கு."