வைன் சங்கத்தின் ரூஜ் கிளை

மனித குலத்தின் கண்டுபிடிப்புகளை வரிசைப்படுத்தினால் நெருப்புக்கு மூன்றாம் இடம், சக்கரத்துக்கு இரண்டாம் இடம். முதலிடம் சங்கத்துக்கு. இதில் ரொறன்ரோத் தமிழர் எவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. கருத்து வேறுபாடு உள்ளவர்கள் தனிச் சங்கம் வைத்திருக்கிறார்கள். நெருப்புச் சுடும், சக்கரம் உருளும், அவ்வளவோடு அவற்றின் கதை சரி. ஒரு மனிதனைக் கதிரையில் இருத்தி, முன்னால் ஒலிவாங்கியை வைத்து, வீட்டில் ஒருநாளும் கிடைத்திராத ‘அவர்களே’ என்ற சொல்லை அவனுக்குக் கொடுக்கக்கூடியது சங்கம் ஒன்றுதான்.

நகரத்தின் கிழக்கு ஓரமான ரூஜில் குடியிருக்கும் இராஜரட்ணத்துக்கு இந்தத் தத்துவம் மனப்பாடம். ஆனால் பாவம், கொடுத்து வைக்காதவர். அகதியாக வந்து பார்க்டேலில் ஓர் அறையில் ஆறு பேரோடு படுத்த காலத்திலேயே ஊர் ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து கதிரை அடுக்குவது அவர், கோடைகால ஒன்றுகூடலில் சோளம் அவிப்பது அவர், பனிக்குள் நின்று வாகனங்களுக்குக் கை காட்டுவதும் அவர். மேடையில் பெரிய மனிதர்களுக்குப் போர்த்திய பொன்னாடைகள் அத்தனையையும் கடையில் தெரிந்தெடுத்து, மடிப்புக் குலையாமல் தட்டில் வைத்து, மேடைப் படி வரை கொண்டுபோனவரும் அவரே. படிக்கு மேலே அவருக்கு அலுவல் இருக்கவில்லை.

இந்த வருடம் துணிந்து தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். எதிர்த்து நின்றவர் பக்கத்து ஊரான பிக்கரிங்கில் குடியிருப்பவர். ஒன்றியத்தின் பெயரையே பிழையாக உச்சரிப்பவர். கூட்டத்துக்கு முதல் வாரம் அவர் தன் மைத்துனர்மார், அந்த மைத்துனர்மாரின் மைத்துனர்மார் என்று ஒரு படைக்கே சந்தா கட்டிக் கூட்டிவந்து வென்றுவிட்டார். இராஜரட்ணம் வென்றவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார்.

மனைவி கமலாம்பிகை சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். கட்டில் ஓரத்தில் இருந்து நேரே கேட்டார்.

“உங்களுக்கு அந்தச் சால்வை வேணும், அவ்வளவுதானே? நாளைக்கே கடையிலை ஒண்டு வாங்கித் தாறன்.”

“நாங்களே வாங்கிப் போட்டால் அதுக்குப் பேர் போர்வை,” என்றார் இராஜரட்ணம், சுவரைப் பார்த்தபடி.

 மனிசனைப் பார்க்கக் கமலாம்பிகைக்குப் பாவமாக இருந்தது.

இப்படி ஒரு தலைவரை உலகம் இழந்துவிடுமோ என்ற நிலையில்தான் அந்த மின்னஞ்சல் வந்தது. தபாலில் வைன் அனுப்பும் ஒரு கொம்பனி. ‘எங்கள் வைன் கிளப்பில் இணையுங்கள், மாதா மாதம் ஆறு போத்தல் உங்கள் வாசலுக்கு வரும்’ என்று எழுதியிருந்தது. இராஜரட்ணம் குடிக்கிறவரல்லர். பிறந்தநாள் விழாக்களில் ஆண்கள் எல்லாரும் கராஜுக்குள் விஸ்கியோடு கூடும்போது, கையில் சோடாவோடு ஓரமாக நிற்பவர். ஆகவே ‘வைன்’ அவர் கண்ணில் படவில்லை. ‘கிளப்’ பட்டது.

வங்கியில் வேலை செய்யும் மகள் நிலாணி, வீண் செலவு என்று தடுத்துப் பார்த்தாள். “அப்பா, அது ரியல் கிளப் இல்லை. ஜஸ்ற் எ சப்ஸ்கிரிப்ஷன்.”

இராஜரட்ணம் எழுந்து உட்கார்ந்தார். சப்ஸ்கிரிப்ஷன் என்றால் சந்தா. சந்தா என்றால் அங்கத்துவம். அங்கத்துவம் என்றால் வாக்கு. வாக்கு இருந்தால் தேர்தல் இருக்கும், தேர்தல் இருந்தால் தலைவர் இருக்கத்தானே வேண்டும்? இந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க நிலாணியின் பல்கலைக்கழகப் படிப்புப் போதவில்லை. அன்றைக்கே சந்தா கட்டப்பட்டது.

மறுநாள் கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்து, சங்க விதிகள் அடங்கிய யாப்பின் பிரதி ஒன்றை அனுப்பி வைக்கும்படி கேட்டார். மறுமுனையில் இருந்த பெண், சிவப்பு வைனா வெள்ளை வைனா விருப்பம் என்று விசாரித்தாள். தான் எந்த அணியையும் சாராதவர் என்று இராஜரட்ணம் தெளிவுபடுத்தினார். பிறகு, ரூஜ் பகுதிக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். அவள் கணினியில் தட்டிப் பார்த்து, உங்கள் பகுதியில் இதுவரை நீங்கள் ஒருவர்தான் சேர்ந்திருக்கிறீர்கள், வாழ்த்துக்கள் என்றாள்.

இராஜரட்ணம் தொலைபேசியை வைத்துவிட்டு அப்படியே நின்றார். போட்டியின்றித் தெரிவாகிவிட்டார். பதற்றத்தில் ஏற்புரை ஆற்ற மறந்துவிட்டதை நினைத்துத்தான் அன்று முழுக்கக் கவலை.

சங்கம் என்றால் செயற்குழு வேண்டும். பக்கத்துத் தெரு அகஸ்ரின் செயலாளரானார். மன்னாரில் சின்ன வயதில் தேவாலயப் பூசைக்கு உதவி செய்தவர். ஆகவே வைன் போத்தலைத் தூக்கிய முன்அனுபவம் கிளையில் அவர் ஒருவருக்கே இருந்தது. கணக்காளர் ராகுலன் பொருளாளர். இருவருக்கும் வாக்குரிமை வேண்டுமே? அவர்களும் கொம்பனிக்குச் சந்தா கட்டினார்கள். ‘வைன் சங்கம், ரூஜ் கிளை’ என்று இலச்சினை வரையப்பட்டது. இலச்சினையில் திராட்சைக் குலை ஒன்று இருந்தது. பார்த்தவர்கள் நாவற்பழம் என்றார்கள்.

முதலாவது பெட்டி வந்த நாள் சாமானிய நாளல்ல. தலைவர் பட்டு வேட்டியோடு வாசலில் நின்று வரவேற்றார். பெட்டியைக் கொண்டுவந்த பெண், சட்டப்படி வயதை உறுதிசெய்ய அடையாள அட்டை கேட்டாள். இராஜரட்ணம் புதிதாக அச்சடித்த விசிற்றிங் கார்ட்டை இரு கைகளாலும் கொடுத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவருடைய நரைத்த தலையையும் பார்த்துவிட்டு, பெட்டியை வைத்துவிட்டுப் போனாள்.

செயற்குழுவின் முதலாவது கூட்டம் கராஜுக்குள் நடந்தது. ஒரேயொரு விடயம்தான் நிகழ்ச்சி நிரலில்: ‘கட்டும் சந்தாவுக்கு இந்த வைன் தகுமா?’ கனடாவில் இந்தக் கேள்வி இவ்வளவு ஆழமாக ஆராயப்பட்டதில்லை. போத்தலின் பாரம் ஆராயப்பட்டது. மூடியின் தரம் ஆராயப்பட்டது. பெட்டியோடு வந்த துண்டுப் பிரசுரத்தை ராகுலன் மொழிபெயர்த்து வாசித்தார். ஈரத் தோல், புகையிலை, காட்டு மண் ஆகியவற்றின் வாசனை இந்த வைனில் தூக்கலாக இருக்கும் என்று அதில் பெருமையாக எழுதியிருந்தது.

“ஊரிலை கிணத்துத் தண்ணி உப்பிடி மணந்தால் நாங்கள் இறைச்செல்லோ ஊத்துவம்,” என்றார் ராகுலன்.

‘பொருளாளர் நீர்வளம் பற்றி உரையாற்றினார்’ என்று அகஸ்ரின் கூட்டறிக்கையில் பதிவுசெய்தார்.

தேநீரும் ரோல்சும் கொண்டுவந்த கமலாம்பிகை, ஆறு போத்தல்களையும் மூன்று ஆண்களையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒண்டைத் திறந்து குடிச்சுப் பாத்தால் தெரியுந்தானே?”

 தலைவர் பொறுமையாக விளக்கினார். செயற்குழு தானே எழுதிக்கொண்ட யாப்பின்படி முதலாவது போத்தலைத் திறக்கும் உரிமை சங்கத்தின் புரவலரான போசகருக்கு மட்டுமே உண்டு. போசகரைப் பொதுச்சபைதான் தெரிவுசெய்ய வேண்டும். பொதுச்சபையைக் கூட்ட இன்னும் அங்கத்தவர் சேர வேண்டும். தவிர, அங்கத்தவரல்லாத ஒருவர் கூட்டத்தில் பிரேரணை கொண்டுவருவது ஒழுங்குப் பிரச்சினை. கமலாம்பிகை தேநீர்த் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது சங்கத்துக்கு ஏற்பட்ட முதலாவது நிதி நெருக்கடி.

இரண்டாவது நெருக்கடி கொள்கை சம்பந்தப்பட்டது. போசகர் வந்ததும் முதலில் திறக்க வேண்டியது சிவப்பா வெள்ளையா? அகஸ்ரின் சிவப்பு என்றார். ராகுலன் வெள்ளை என்றார். தோழமையாகத் தொடங்கிய விவாதம் மெல்ல மெல்லத் தமிழர் விவாதமாக மாறியது. கடைசியில் அகஸ்ரின் எழுந்து சரித்திர ஆதாரம் ஒன்றை எடுத்து வைத்தார்.

“அண்ணை, ரூஜ் எண்டாலே பிரெஞ்சிலை சிவப்புத்தான். இது சிவப்பின்ர மண். வெள்ளை இஞ்சை வந்தேறி.”

ராகுலன் அப்போதே எழுந்து வெளியேறினார். அடுத்த ஞாயிறு அவர் தலைமையில் பிக்கரிங்கில் ‘வைன் சங்கம் (தாய்ச்சங்கம்)’ தொடங்கப்பட்டது. தாய்ச்சங்கம் பிள்ளைக்குப் பிறகு பிறப்பது நம்மவருக்குப் புதிதல்ல.

இனி எண்ணிக்கைதானே பலம்? ஒன்றியத் தேர்தலில் பட்ட அடி இராஜரட்ணத்துக்கு நல்ல பாடமாக இருந்தது. தன் பக்கத்து மைத்துனர்மாரைத் திரட்டினார். ராகுலன் அலுவலக நண்பர்களையும் அவர்களின் மாமன்மாரையும் திரட்டினார். ஒவ்வொருவரும் கொம்பனிக்குச் சந்தா கட்டினார்கள். ரூஜிலும் பிக்கரிங்கிலும் வாசலுக்கு வாசல் பெட்டிகள் வந்திறங்கின. இறங்கிய பெட்டிகள் நேரே பேஸ்மென்றுக்குப் போயின. இரு அணியிலும் குடிக்கிறவர்கள் இல்லாமலில்லை. அவர்கள் வழமைபோலக் கராஜில் விஸ்கி குடித்தார்கள். சங்கச் சொத்தில் கைவைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

கொம்பனியின் கணினி இதைப் பார்த்துத் திகைத்துவிட்டது. நகரத்தின் கிழக்கு மூலையில் இப்படி ஒரு வைன் தாகமா? நேரில் பார்த்து வரும்படி, அங்கே வேலை செய்த ஒரே தமிழ்ப் பிள்ளையான ஏஞ்சலாவை அனுப்புவதாகக் கடிதம் வந்தது. கொம்பனிப் பிரதிநிதி வருகிறார் என்றதும் இரு அணிகளும் ஒன்றுபட்டன. கொள்கையைவிட மேடை பெரிது என்று உணரும் பக்குவம் எல்லாச் சமூகத்துக்கும் வாய்ப்பதில்லை.

ஸ்காபரோவில் மண்டபம் எடுக்கப்பட்டது. மேடையில் மங்கல விளக்கின் இரு பக்கமும் போத்தல்களைக் கோபுரமாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். ஒரு போத்தலும் திறக்கப்பட்டிருக்கவில்லை. பதவியில்லாத அங்கத்தவர் எவரும் இல்லாதபடியால் மேடையில் இடம் நெருக்கடியாகவும், கீழே மனைவிமாருக்குத் தாராளமாகவும் இருந்தது. அழைப்பிதழில் முதலாவது பெயர் இராஜரட்ணம். 

தலைமையுரை சிறப்பாக அமைந்தது. சங்க காலத்திலேயே தமிழர் தேறல் என்னும் மதுவை அருந்தினார்கள் என்பதிலிருந்து, தேறலுக்கு முன்பே சங்கம் இருந்தது என்று அவர் நிறுவினார். ஏஞ்சலா, எல்லாரும் ருசி பார்க்கப் போகிறார்கள் என்ற நம்பிக்கையில் கொண்டுவந்த, போத்தல் திறக்கும் தக்கை திருகியை மடியில் வைத்தபடி, கோபுரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அகஸ்ரினிடம் மெல்ல ஏதோ கேட்டாள். அவர் பெருமையாகத் தலையாட்டி, இல்லை, ஒன்றுகூடத் திறக்கவில்லை என்றார்.

அடுத்து பொன்னாடை. அகஸ்ரின் ஒலிவாங்கியில் பெயரைச் சொன்னதும் இராஜரட்ணம் முன்னுக்கு வந்தார். ஏஞ்சலா சால்வையை விரித்து அவர் தோளில் போர்த்தினாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதை மறைக்கவும் இல்லை. கீழே கமலாம்பிகையும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏஞ்சலா ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள்.

“சொறி, எனக்குத் தமிழ் அவ்வளவு வராது. எங்கட கொம்பனியிலை மெம்பர்மார் எண்டால் பெரிய தலையிடி. போத்தலைத் திறப்பினம், குடிப்பினம், இது புளிக்குது, காசுக்கு வேர்த் இல்லை எண்டு கோல் பண்ணுவினம். பிறகு கான்சல் பண்ணுவினம். ஆனால் இராஜரட்ணம் அங்கிளும் அவரின்ர ஆக்களும் அப்பிடி இல்லை. உள்ளுக்குள்ளை என்ன இருக்கு எண்டு நீங்கள் ஒருத்தரும் பாக்கேல்லை. எங்களிட்டை ஒரு கேள்வி கேக்கேல்லை. மாசாமாசம் காசு மட்டும் கட்டுறீங்கள். கட்டிப்போட்டு உங்களுக்குள்ளையே சண்டை பிடிக்கிறீங்கள். எங்களோடை ஒரு சண்டையும் இல்லை. இப்பிடி ஒரு கொமியூனிற்றி எங்களுக்கு வேறை எங்கையும் கிடைக்காது. யூ ஆர் தி பெஸ்ற்.”

மேடையில் இருந்தவர்கள் அதிரக் கைதட்டினார்கள். சிவப்பு அணியும் வெள்ளை அணியும் போட்டி போட்டுத் தட்டின. இந்தப் பொன்மொழிகளை ஆண்டு மலரின் முதற் பக்கத்தில் போட வேண்டும் என்று ராகுலன் பிரேரிக்க, அகஸ்ரின் ஆமோதித்தார். சங்க வரலாற்றில் ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், காருக்குள், கமலாம்பிகை கணவரைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இராஜரட்ணம் சால்வையைக் கழற்றாமலே கார் ஓட்டிக்கொண்டிருந்தார்.

“இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளை சொன்னது பாராட்டில்லை. ஏச்சு.”

“எனக்கும் விளங்கினதுதான்,” என்றார் இராஜரட்ணம். “எண்டாலும் பேர் சொல்லி, மேடையிலை வைச்செல்லோ ஏசினவள். கட்டின சந்தாவுக்குப் பழுதில்லை.”