வாய்க்காலில் போன பன்னீர் திராட்சை

நான் உணவுத் தொழில்நுட்பத்தில் முதுகலைப் பட்டம் வாங்கியவள். இதை வெளியாட்களிடம் சொல்லும்போதெல்லாம் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் இருமுவார். பத்து வருஷமாக இருமுகிறார்கள். யாருக்கும் சளி இல்லை.

கல்யாணமாகி மாதம்பட்டிப் பக்கம் வந்த புதிது. என் மாமனாருக்கு மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சை. பழுத்துவிட்டால் இரண்டு நாள் தாங்காது, கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டும். ஒருநாள் சாப்பிடும்போது, "இந்தப் பறிப்போட பந்தலப் பிரிச்சுப்போட்டுத் தென்னை வெச்சரலாமுன்னு இருக்கறேன்" என்றார். இருபது வருஷம் அவர் கையால் வளர்த்த கொடிகள். சொல்லிவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, வாயைத் திறந்துவிட்டேன். (திறந்திருக்கக் கூடாது.)

"மாமா, ஜூஸ ஒரு சவ்வு வழியா அழுத்துனா தண்ணி மட்டும் பிரிஞ்சு போயிருமுங்க. மிச்சம் கெட்டிச் சாறா நிக்கும். அடுப்பே வேண்டாமுங்க. வாசம், நெறம், ருசி எதுவும் கெடாது, குளுருல வெச்சு மாசக்கணக்குல விக்கலாமுங்க."

"அடுப்பில்லாமச் சுண்டுமா அம்மணி?"

"சுண்டுமுங்க மாமா."

"செரி, ஒரு பறிப்புக்குப் பாக்கலாம்" என்றார். மனுஷர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

கணபதியில் பட்டறை வைத்திருந்த சுப்பிரமணி அண்ணனிடம் மெஷின் செய்யக் கொடுத்தேன். குடிதண்ணீர் ஆர்.ஓ. மெஷின் செய்வதில் பழம் தின்று கொட்டை போட்டவர். அதில் சவ்வைத் தாண்டி வரும் நல்ல தண்ணீர் டேங்குக்குப் போகும், தாண்டாத உப்புத் தண்ணீர் ரிஜெக்ட் என்று வெளியே போகும். ஜூஸுக்கோ நேர் தலைகீழ். தாண்டாமல் நிற்பதுதான் சாறு. அது தொட்டிக்கே திரும்பி வந்து, மறுபடி மறுபடி சுற்றிக் கெட்டியாக வேண்டும். நான் அவரிடம் சொல்லியாக வேண்டிய விஷயம் மொத்தத்தில் இந்த ஒன்றுதான்.

நான் அழுத்தத்தைப் பற்றிச் சொன்னேன். வெப்பநிலையைப் பற்றிச் சொன்னேன். சவ்வின் துளைகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "பைப்பு மட்டும் எப்பவும் போலத்தானுங்களே அம்மணி?"

எங்கள் பக்கத்தில் வயதில் மூத்தவருக்கு அவர் தொழிலைச் சொல்லிக்கொடுப்பது மரியாதையல்ல. "ஐயோ, உங்களுக்கு நாஞ் சொல்லோணுங்களா? எப்பவும் போலயே செஞ்சுபோடுங்க" என்றேன். அப்படி ஒரு மரியாதை தெரிந்த பெண் நான்.

முதல் ஓட்டத்தைப் பார்க்கக் கோட்டைமேட்டிலிருந்து யூசுப் பாயை அழைத்திருந்தார் மாமனார். சர்பத் காய்ச்சி விற்கிறவர். அவர் எங்கள் சாற்றை வாங்க ஒத்துக்கொண்டால் கொடி பிழைக்கும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை ஜேசிபி வரும், பேசி வைத்தாகிவிட்டது.

ஒரு தொட்டி நிறைய வடிகட்டிய ஜூஸ். மோட்டாரைப் போட்டேன். தொட்டியில் மட்டம் இறங்க ஆரம்பித்தது.

"பாத்தீங்களா, சுண்டுது!" என்றேன்.

இன்னும் இறங்கியது. "என்ன அம்மணி, இத்தன வேகமாவா சுண்டும்?" என்றார் மாமனார்.

"அதானுங்க மாமா டெக்னாலஜி." (எங்கள் வீட்டில் இன்றைக்கும் பால் பொங்கி வழிந்தால் இந்த வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்.)

தொட்டியின் அடி தெரிந்ததும், சாறெல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பி, பக்கத்திலிருந்த எவர்சில்வர் டேங்கின் குழாயைத் திறந்து மூன்று டம்ளர் பிடித்தேன். பளிங்கு போல இருந்தது. தண்ணீர்.

மாமனார் ஒரே மடக்கில் குடித்தார். "சில்லுன்னு இருக்குதுங்க" என்றார். யூசுப் பாய் வாயில் வைத்துக் கண்ணை மூடி, "சிறுவாணித் தண்ணியாட்டமே இருக்கும்மா" என்றார். அதோடு விடாமல் இன்னும் அரை டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். முகத்துக்கு நேரே குறை சொல்லி இவர்களுக்குப் பழக்கமில்லை.

"மொத டம்ளர் கொஞ்சம் லைட்டாத்தான் இருக்குமுங்க" என்றேன். அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

ஷெட்டுக்குப் பின்னால் தேனீ இரைச்சல் கேட்டது. மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். சுவரைத் துளைத்து ஒரு பைப்பு. அதற்குக் கீழே வாய்க்கால் முழுக்க ஊதா நிறத்தில் ஓடி, வாழைக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் எருமை அதில் வாய் வைத்தது வைத்தபடி நின்றது. பக்கத்தில் சுப்பிரமணி அண்ணன் இடுப்பில் கைவைத்துத் திருப்தியாக நின்றிருந்தார்.

"ரிஜெக்ட் நல்லாப் போகுதுங்க அம்மணி" என்றார்.

நான் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஒரு பறிப்பு முழுசும் போயிற்று. மாமனார் முகத்தை ஏறெடுத்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பைப்பில் கடைசியாக நூல் போல வடிந்துகொண்டிருந்தது. யூசுப் பாய் கையிலிருந்த டம்ளரை அதற்குக் கீழே நீட்டி, ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"நானும் இத்தன வருசமாக் காய்ச்சறேன், எப்படிக் காய்ச்சினாலும் வெந்த வாசம் வந்துருது. இன்னும் கெட்டியாகல, ஆனா பழத்தோட வாசம் அப்படியே நிக்குதேம்மா" என்றவர், மாமனார் பக்கம் திரும்பினார். "அடுத்த பறிப்பு எனக்குங்க. பைப்ப மட்டும் கொஞ்சம் மாத்தச் சொல்லுங்க."

மாமனார் தள்ளிப்போய் நின்று போனை எடுத்தார். "ஏனுங்க, திங்கக்கெழம வண்டி வேண்டாமுங்க. இல்லீங்க, எப்பவுமே வேண்டாமுங்க" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

இப்போது மெஷின் சரியாக ஓடுகிறது. ஆனால் செய்முறை அட்டையில் முதல் விதி என்னுடையதல்ல, மாமனாருடையது. மோட்டார் போட்டதும் ஒருவர் ஷெட்டுக்குப் பின்னால் போய், வெளியே வருவதைக் கையில் பிடித்து நக்கிப் பார்த்து, "தண்ணிதானுங்க!" என்று கத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற வேலை.

போன மாதம் உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்தார். அட்டையை எடுத்தவர் முதல் விதியிலேயே நின்றுவிட்டார்.

"இது எதுக்குங்க? இதுக்கு அறிவியல் அடிப்படை என்னங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். என்னை நோக்கி இரண்டு கைகளையும் மரியாதையாக நீட்டினார்.

"எங்க மருமகதானுங்க."