கஞ்சி அங்கிளும் அப்பாவின் கெட்டிக் கோப்பியும்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் விற்கிற சாஸ், குழம்பு பாக்கெட் எல்லாவற்றையும் கெட்டியாக்குகிற மாவு, முதலில் ஒரே ஒரு ஆளின் வயிற்றுக்குள் போய்விட்டுத்தான் மற்ற ஜனங்களிடம் வருகிறது என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஆள் கஞ்சி அங்கிள். அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

கிள்ளானில் ஒரு சாஸ் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர்தான் எனக்கு மேலே. பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் ‘மாடிஃபைட் ஸ்டார்ச்’ என்று போட்டிருப்பார்களே, அந்த மாவு வந்து இறங்கினால் பாதுகாப்பானதுதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. புது மூட்டை வந்ததும் சின்னச் சட்டியில் கஞ்சி காய்ச்சுவார். கரண்டியைத் தூக்கிப் பிடித்து, அது வழிவதைக் கோயிலில் தீபாராதனை பார்க்கிற மாதிரி வாய் திறந்து பார்ப்பார். அப்புறம் உப்புப் போட்டுக் குடித்துவிடுவார்.

முதல் நாளே எனக்குத் தலை சுற்றியது. கஞ்சியைக் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம், கையெழுத்துப் போடலாமா அங்கிள் என்று படிவத்தை நீட்டினேன்.

“இப்ப எப்படிம்மா போடுறது? மாவு மேல பயம் இல்ல. அதை மாத்துறதுக்கு ஒரு கெமிக்கல் போட்டான் பாரு, அது மிச்சம் எவ்ளோ இருக்குன்னு லேப்ல இருந்து பேப்பர் வரணும்.”

“பேப்பர் வரலையே, நீங்க குடிச்சிட்டீங்களே?”

“அது என் வயிறு லா.”

பேப்பர் வர நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் மாவு ஸ்டோரில் சும்மா கிடந்தது, அங்கிள் மட்டும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ஆபத்தில்லை என்றால் ஏன் கையெழுத்துப் போடவில்லை, ஆபத்தென்றால் ஏன் குடிக்கிறார் என்று யோசித்து யோசித்து எனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

நானாவது பரவாயில்லை. ஒருமுறை எங்கள் மேனேஜர் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுத் தொலைத்தார். இந்த மாவு நல்லதா கெட்டதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். அங்கிள் ஆரம்பித்தார். எலிக்கு வயிறு முட்ட முட்டக் கொடுத்தால் அதன் குடலில் ஒரு பகுதி பெரிதாகும், ஆனால் எலி நன்றாக இருக்கும், எலி வேறு மனிதன் வேறு, நாம் சாப்பிடுவது கொஞ்சூண்டு, ஆனால் கைக்குழந்தைக்குக் கணக்கு வேறு என்று அரை மணி நேரம் போனது. மேனேஜர் அன்றிலிருந்து ஒரு வாரம் எங்கள் சொந்த சில்லி சாஸையே தொடவில்லை. அவ்வளவு நேரமும் அங்கிள் ‘நல்லது’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்படிப்பட்ட மனிதரிடம் போய் என் சொந்தக் கவலையைச் சொல்ல வேண்டி வந்தது என் தலையெழுத்து.

ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து தொண்டை பலவீனமாகிவிட்டது. தண்ணீர், கோப்பி எது குடித்தாலும் நுரையீரலுக்குள் போய்விடும், அதனால் எல்லாவற்றிலும் ஒரு பவுடர் போட்டுக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே ஒருமுறை நெஞ்சில் சளி கட்டிப் பத்து நாள் வார்டில் கிடந்தார். இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அந்தப் பவுடர் டின்னைத் திருப்பிப் பார்த்தால் அதே மாடிஃபைட் ஸ்டார்ச். அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் யாரோ புண்ணியவான் அது விஷம் என்று அனுப்பிவைத்திருந்தான். பவுடர் போட்டும் காலைக் கோப்பிக்கு அவர் இருமினார். பார்த்தியா, விஷத்தை ஊத்துற என்றார். அப்புறம் நான் பார்க்காத நேரத்தில் குளியலறைக் குழாயில் பச்சைத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்.

அங்கிளிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல ஆரம்பித்தார். பவுடரில் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இருமல் வருகிறது என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் அது பவுடர் இல்லை, ஆனால் பவுடராகவும் இருக்கலாம். எனக்கு வந்ததே கோபம். “அங்கிள், குடுக்கலாமா வேணாமா, அதை மட்டும் சொல்லுங்க” என்று கத்திவிட்டேன். பார்க்காமல் சொல்ல முடியாதும்மா என்று சொல்லிவிட்டுச் சட்டியைக் கழுவப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாலாக் செலாத்தானில் எங்கள் பிளாட் கதவைத் தட்டினார். கோமூட்டர் ரயிலில் வந்திருக்கிறார். வழியில் பிரிக்பீல்ட்ஸில் இறங்கி அப்பாவுக்காக நாலு மசால் வடை வாங்கியிருக்கிறார். மாடி ஏறும்போதுதான், விழுங்க முடியாதவருக்கு வடையா என்று உறைத்திருக்கிறது. அவர் பார்த்து ஏங்கக் கூடாதே என்று நாலையும் படிக்கட்டிலேயே நின்று தின்று தீர்த்துவிட்டு, சட்டையில் எண்ணெயும் மூச்சு வாங்கலுமாக உள்ளே வந்தார்.

அப்பாவிடம் பவுடரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோப்பி கலக்கச் சொன்னார். அப்புறம் முட்டிபோட்டு உட்கார்ந்து கப்பையே முறைத்துப் பார்த்தார். அப்பா என்னிடம், “யாரும்மா இவரு, கப்பு வாங்க வந்திருக்காரா?” என்று கேட்டார்.

அப்பா எப்போதும்போல ஒரு வாய் குடித்தார், பேப்பர் படித்தார், கரண்டியை நக்கிவிட்டுத் திரும்பக் கப்பில் போட்டுக் கலக்கினார், இன்னொரு வாய் குடித்தார். அரை மணி நேரம் இப்படியே போனது. அப்போது இருமல் ஆரம்பித்தது. அங்கிள் சட்டென்று கப்பை இழுத்துக் கரண்டியால் அள்ளிக் காட்டினார். நான் கூழாகக் கலக்கிய கோப்பி தண்ணீராக ஓடியது.

அங்கிள் அப்பா பக்கம் திரும்பி, நான் அதுவரை கேட்டிராத குரலில் மெதுவாகச் சொன்னார்.

“அண்ணே, சோத்தை ரொம்ப நேரம் மென்னா இனிக்குமில்ல? எச்சில் மாவைக் கரைச்சிடும். நீங்க நக்குன கரண்டி இதைத் தண்ணியாக்கிடுது. தண்ணிதான் உங்களை இரும வைக்குது. பவுடர் பாவம், அது ஒண்ணும் பண்ணல.”

அப்பா கப்பை எட்டிப் பார்த்தார். அப்படியென்றால் வாட்ஸ்அப்பில் வந்தது என்று இழுத்தார். அங்கிள் உற்சாகமாக எலியிலிருந்து ஆரம்பித்தார். குடல் பெரிதாகிற இடம் வருவதற்குள் அப்பா கையைத் தூக்கிவிட்டார். குடித்துத் தொலைக்கிறேன், எலியை மட்டும் விட்டுவிடுங்கள் என்றார்.

அன்றிலிருந்து சின்னக் கப், கொஞ்சம் கொஞ்சமாகப் புதிதாகக் கலக்கிக் கொடுப்பது, கப்புக்குள் கரண்டி கிடையாது. ஆஸ்பத்திரியிலும் அதுதான் சரி என்றார்கள். இருமல் நின்றது. குழாய்ப் பக்கம் அப்பா போவதில்லை.

வேலை முடிந்ததென்று அங்கிள் வருவதை நிறுத்தவில்லை. ஞாயிறுதோறும் வருகிறார். அப்பாவும் அவரும் பேப்பரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். போன வாரம் அவருக்கு மட்டும் சாதாரணக் கோப்பி கொண்டுபோனேன். வேண்டாம், எனக்கும் பவுடர் போட்டுக் கெட்டியாகவே கொடு என்றார். ஏன் அங்கிள், உங்களுக்கு எதுக்கு அந்தக் கர்மம் என்று கேட்டேன். அப்பாவுக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னார்.

“அவர் மட்டும் குடிச்சா அது மருந்தும்மா. ரெண்டு பேர் குடிச்சா கோப்பி.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்படிக்குப் போய் எனக்கும் ஒரு கப் கெட்டியாகக் கலக்கி எடுத்துக்கொண்டு போய் அவர்களோடு உட்கார்ந்தேன்.